வேர் முடிச்சும் புளித்த மண்ணும்

தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்தில் பாதியை எடுத்துக்கொண்ட பேராசிரியர் அவர்களே, பொன்னாடை போர்த்திய பொருளாளர் அவர்களே, பொறுமையாக உட்கார்ந்திருக்கும் உழவர் பெருமக்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் மன்னிக்க வேண்டும். சீட்டில் எழுதித் தந்தது இவ்வளவுதான்.

மண்ணின் அமிலம், வேர் முடிச்சு, பயிர்ச் சுழற்சி என்று மூன்று விஷயம் பேச வந்தேன். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பார்கள். நான் காலை விட்ட கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வருடம் பயறு விதைத்தேன். வேரில் முடிச்சு கட்டி, காற்றின் நைட்ரஜனைப் பயிருக்குப் பிடித்துத் தரும் ரைசோபியம் என்ற பாக்டீரியா பாக்கெட் வாங்கி விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி, எல்லாம் முறைப்படிதான். முப்பது நாளில் பயிர் மஞ்சளடித்து நின்றது. பாக்கெட் போலி என்று நானே தீர்ப்பு எழுதி, இன்னொன்றை வாங்கிக் கரைத்து ஊற்றினேன். ம்ஹூம். வீட்டில் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். கடைசியில் நண்பர் ஒருவர் வந்து ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, வேரை அலசினார். முடிச்சு நாலே நாலு. நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளை. வேலை செய்கிற முடிச்சு உள்ளே சிவந்திருக்கும். நம் ரத்தத்துச் சிவப்புக்கு உறவுக்காரப் புரதம் அதில் உண்டு. "பாக்கெட்டைத் திட்டினீங்களே, மண்ணைக் கேட்டீங்களா?" என்றார். அளந்தோம். பி.எச். 4.8! இந்த அளவில் ஏழு நடுநிலை; அதற்குக் கீழே எண் குறையக் குறைய மண்ணின் புளிப்பு, அதாவது அமிலம், கூடும்.

5.5-க்குக் கீழே போனால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் நுனியை மழுங்கடிக்கும். முடிச்சு கட்ட வேர் விடும் ரசாயன அழைப்பும் பாக்டீரியாவின் பதிலும் தடுமாறும். காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கிற நொதிக்கு மாலிப்டினம் என்ற நுண்சத்து வேண்டும். புளித்த மண் அதை விடாது. தழைச்சத்து உரம் போட்டால் செடி ஓரளவு தாக்குப்பிடிக்கும், முடிச்சுதான் முதலில் தோற்கும். அந்த உரத்திலும் அம்மோனியம் வகை மண்ணை மேலும் புளிக்கவைக்கும். குதிரைமசால் என்ற தீவனப் பயிரின் பாக்டீரியா இதில் நோஞ்சான். சோயாவினுடையது கொஞ்சம் தாங்கும்.

சரி, புளிப்பை முறிக்கச் சுண்ணாம்பு போடலாமே? போடலாம், விதைப்புக்குச் சில வாரம் முன்பே. ஆனால் ஆழம் தெரியாமல் காலை விடாதே! அளக்காமல் கொட்டினால் துத்தநாகமும் இரும்பும் பயிருக்கு எட்டாமல் போகும்.

டச்சு விஞ்ஞானி பெய்ஜரிங்க் இந்தப் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தது 1888-ல். டென்மார்க் வேதியியலாளர் சோரன்சன் பி.எச். அளவுகோலைத் தந்தது 1909-ல். நான் வாங்கிய பாக்கெட்டில் மட்டும் எந்தப் பி.எச். வரை இது பிழைக்கும் என்று ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரியைக் கட்டாயமாக அச்சிட வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

பயிர்ச் சுழற்சிக்கு நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கோரிக்கை மனு வாசல் மேசையில் இருக்கிறது. பேனா இல்லாதவர்களுக்கு என்னிடம் இரண்டு உண்டு.