படத்துக்குக் கீழே நான்கு வரி

(புகைப்பட ஆர்வலர்களின் கண்காட்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

இங்கே மாட்டியிருக்கும் படங்களை எடுத்த யாருக்கும் இது தொழில் இல்லை. வாரமெல்லாம் அலுவலகம், வீடு என்று ஓடிவிட்டு, ஞாயிறு விடியும் முன்பே சென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கோ கிளம்புகிறவர்கள். படம் எடுத்து வா என்று இவர்களை யாரும் அனுப்பவில்லை. அப்படியிருக்க, அந்த நொடியில் பொத்தானை அழுத்த வைத்தது எது? எனக்கு அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசை.

அந்த மூலையில் ஒரு கூழைக்கடா படம் இருக்கிறது. அலகை இறகுக்குள் புதைத்துத் தூங்குகிறது. இருட்டாக எடுத்துவிட்டார்களே என்று இரண்டு பேர் சொன்னது என் காதில் விழுந்தது. எடுத்த அம்மாவிடமே கேட்டேன். அவருடைய தாயார் மருத்துவமனையில் இருந்த நாட்கள் அவை. இரவெல்லாம் விழித்திருந்தவரை, “நான் பார்த்துக்கிறேன், நீ கொஞ்சம் வெளியே போயிட்டு வா” என்று தங்கை அனுப்பியிருக்கிறார். நேராகச் சதுப்பு நிலத்துக்கு வந்திருக்கிறார். வெளிச்சம் வரும்வரை காத்திருக்க அவருக்கு மனமில்லை. ஒரு உயிர் நிம்மதியாகத் தூங்குவதைப் பார்த்ததே போதும் என்றிருந்ததாம். இதைக் கேட்ட பிறகு அந்த இருட்டு எனக்குக் குறையாகப் படவில்லை. ஆனால் படத்தின் கீழே இருப்பது என்ன? “கூழைக்கடா, பள்ளிக்கரணை.” அவ்வளவுதான்!

பிரான்சில் ஜாக் ஆன்ரி லார்த்திக் என்று ஒருவர் இருந்தார். பிறந்தது 1894இல். சின்னப் பையனாக இருந்தபோதே அப்பா கேமரா கொடுத்தார். படிக்கட்டிலிருந்து தாவும் உறவுக்காரப் பெண், பறக்கப் பார்க்கும் அண்ணன், கார் பந்தயம் என்று பிடித்ததையெல்லாம் எடுத்தார். தன்னை ஓவியராகத்தான் நினைத்துக்கொண்டார். 1963இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவர் படங்களைக் காட்சிக்கு வைத்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அப்போது அவருக்கு 69 வயது. என்னை அதிகம் கவர்ந்தவை அவருடைய நாட்குறிப்புகள். அன்றைய வானிலையை எழுதுவார், என்ன செய்தோம் என்று எழுதுவார், எடுத்த படத்தைச் சின்னதாக வரைந்தும் வைப்பார். இன்று ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்தால் அந்த நாளும் கூடவே கிடைக்கிறது.

விவியன் மேயர் கதை வேறு. சிகாகோவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவர். கழுத்தில் ரோலிஃப்ளெக்ஸ் கேமரா. அதில் மேலிருந்து குனிந்து பார்த்துத்தான் படம் எடுக்க வேண்டும் என்பதால், எதிரே நிற்பவருக்குத் தன்னை உற்றுப் பார்க்கிறார்கள் என்ற கூச்சம் அவ்வளவாக வராது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். பல ஃபிலிம் சுருள்களைக் கழுவவே இல்லை. கிடங்கு வாடகை பாக்கியில் அங்கே அவர் வைத்திருந்த பெட்டிகள் 2007இல் ஏலத்துக்குப் போயின. 2009இல் இறந்தார், தன் படங்கள் பேர்பெறப் போவதைப் பார்க்காமலே. கடைக் கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தையும், தரையில் விழும் தன் நிழலையும் திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறார். அன்று மனசு எப்படி இருந்தது? இனி யாரிடம் கேட்பது? எத்தனையோ புத்தகங்கள், ஆவணப்படங்கள் ஊகித்துக்கொண்டே இருக்கின்றன. எனக்கு அது பெரிய இழப்பாகவே தோன்றுகிறது.

நம் கேமரா தானாகவே நிறைய எழுதி வைக்கிறது. தேதி, நேரம், ஷட்டர் திறந்திருந்த நேரம் 1/500 நொடி, ஒளியை உணரும் அளவு ஐஎஸ்ஓ 400. சரி, கூட யார் வந்தார்கள்? படம் எடுத்த பிறகு அந்த மீனவரிடம் என்ன பேசினீர்கள்? வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பி வந்தீர்களா, சம்பளம் உயர்ந்த சந்தோஷத்தில் வந்தீர்களா? இதை எந்தக் கேமராவும் எழுதாது. ஆறு மாதம் போனால் உங்களுக்கே மறந்துவிடும்.

அதனால் அமைப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கண்காட்சியில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே நான்கு வரிக்கு இடம் விடுங்கள். லென்ஸ் விவரம் வேண்டாம், அன்றைய பொழுதை எழுதச் சொல்லுங்கள். சொல்ல விருப்பமில்லாதவர்களை வற்புறுத்த வேண்டாம். சில விஷயங்கள் அவரவருக்கு மட்டுமே உரியவை. எழுத வரவில்லையே என்று தயங்குகிறவர்கள் கைப்பேசியில் பேசிப் பதிவு செய்து அனுப்புங்கள். கேட்டு எழுதித் தரும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.