வாயுள்ள பிள்ளையும் மியூட் பொத்தானும்

மேடையில் இருக்கும் தலைவர் ஐயா அவர்களே, கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, மா விவசாயிகள் சங்கத்துப் பெரியவர்களே, எனக்குச் சால்வை போர்த்திய வட்டாட்சியர் ஐயா அவர்களே, பர்கூரிலிருந்தும் தேன்கனிக்கோட்டையிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் நண்பர்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் மன்னிக்க வேண்டும். போன கூட்டத்தில் ஒருவரை விட்டுவிட்டேன். ஆறு மாதம் அவர் என் போனை எடுக்கவில்லை.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று எங்கள் ஆயா அடிக்கடி சொல்லும். பாதிப் பேர் அரங்கிலும் பாதிப் பேர் இணையத்திலும் கூடுகிற பன்னாட்டு மாநாடுகளில், ஆங்கிலம் வராதவருக்கும் அந்த வாய் வேண்டும். இதுதான் இன்றைய தலைப்பு. ஒலி, நேரம், பணம் என்று மூன்று விஷயம் வைத்திருக்கிறேன்.

முதலில் ஒலி. 1945-ல் நூரம்பெர்க் விசாரணை தொடங்கியபோதே ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஜெர்மன் என நான்கு மொழிகளில் உடனுக்குடன் மொழிபெயர்த்தார்கள். பேசுகிறவர் வேகம் பிடித்தால் மஞ்சள் விளக்கு மின்னும். சிவப்பு எரிந்தால் நிறுத்த வேண்டும். இன்றைக்கு ஜூமில் மொழிபெயர்ப்புக்கென்றே தனி ஒலித்தடம் திறக்கலாம். திறந்தால் போதுமா? உட்கார்ந்து பேச ஆள் வேண்டும். மூளை களைத்துவிடும் என்பதால் இரண்டு பேராக அமர்ந்து, இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். அரங்கத்து எதிரொலியோடு ஒரு லேப்டாப் மைக்கில் பேசினால் அவர்கள் காதில் என்ன விழும்?

எங்கள் மாமா கதையைச் சொல்கிறேன். காவேரிப்பட்டணம் பக்கம் கிளிமூக்கு மாந்தோட்டம். பழச் சாகுபடி பற்றி ஒரு பன்னாட்டு மாநாடு. யார் நடத்தியது என்பது வேண்டாம், விடுங்கள். இங்கே ஒரு அரங்கில் உட்கார வைத்தார்கள், எதிரே பெரிய திரை. மொழிபெயர்ப்பாளருக்குப் பணம் ஒதுக்கவில்லை; தானாக ஓடும் ஆங்கில வசனம் போதும் என்று விட்டுவிட்டார்கள். மாமா எழுந்து, "கிளிமூக்குல இந்த வருசம் பூவெல்லாம் கொட்டிப்போச்சுங்க" என்றார். கிளியின் மூக்கின் மேல் பூக்கள் கொட்டின என்று திரையில் ஓடியது. அந்தப் பக்கம் ஒரு அம்மா பதறிப்போய், கிளிகளை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள் என்று கேட்டார். பக்கத்திலிருந்த பையன் பாதியை விழுங்கி, "எப்படிக் காப்பாத்தறீங்கன்னு கேக்கறாங்க மாமா" என்றான். மாமா மாம்பூவைக் கெடுக்கும் தத்துப்பூச்சியை நினைத்துக்கொண்டு கம்பீரமாகச் சொன்னார்: "ரெண்டு தடவை மருந்து அடிச்சோம்!"

அந்த அம்மா முகத்தை நான் மறக்க மாட்டேன். மாமா விளக்க வாயெடுத்தார். அதற்குள் மைக்கை மியூட் செய்துவிட்டார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும், சரி. மியூட் பொத்தான் யார் கையில் இருக்கிறது?

தோத்தாபுரி என்று ஒரு சொல் போட்டிருந்தால் முடிந்தது. கிளிமூக்குக்கு மாம்பழக்கூழ் வியாபாரத்தில் அந்தப் பெயர்தான். ஊரும் தொழிலும் தெரிந்த ஒரு ஆள் அதைச் சொல்லியிருப்பார். அல்லது பேசப்போகும் சொற்களின் பட்டியலையாவது முதல்நாளே மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட ஆளுக்கு எங்கே போவது என்கிறார்கள். போச்சம்பள்ளி சந்தைக்கு வாருங்கள் ஐயா! ஒரே மாட்டுக்கு விலை பேசத் தமிழில் தொடங்கி, தெலுங்கில் இழுத்து, கன்னடத்தில் முடிக்கிற தரகர்களைக் காட்டுகிறேன். ஓசூர்ப் பிள்ளைகள் உருதும் சேர்த்துப் பேசுவார்கள். தகடூரை, அதாவது இன்றைய தர்மபுரியை ஆண்ட அதியமான் தொண்டைமானிடம் தூது அனுப்பியது ஔவையைத்தானே? வாயுள்ள பாட்டியும் பிழைத்த ஊர் இது.

ஆகவேதான் மூன்று வருடமாக ஒரே மனுவோடு அலைகிறேன். கிருஷ்ணகிரியில் உடனடி மொழிபெயர்ப்புக்கு ஒரு பயிற்சி மையம் வேண்டும். ஒலி புகாத கூண்டு இரண்டு, நல்ல ஹெட்செட் பத்து, சொல்லிக்கொடுக்க ஆள். கட்டடம்கூட வேண்டாம், முதல்வர் அம்மா மனது வைத்தால் கல்லூரியில் ஒரு பூட்டிய அறை இருக்கிறது. அம்மா சிரிக்கிறார்கள். நான் அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

நேரம் பற்றிச் சொல்ல வந்தேன். நமக்கு மாலை ஆறு மணி என்றால் நியூயார்க்கில் காலை. அதை அப்புறம் பார்க்கலாம். தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். பணக் கணக்கு மனுவிலேயே இருக்கிறது. மனு வாசல் மேசையில், டீக்குப் பக்கத்தில். எந்த மொழியில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுங்கள். பேனாவை மட்டும் திருப்பி வைத்துவிடுங்கள். போன தடவை நான்கு போய்விட்டது.