கூடம் கோணலா, கூடமே பூட்டா?

(தெற்குக் கலிஃபோர்னியாவில் ஒரு தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, பள்ளி முதல்வர் அம்மையார் அவர்களே, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுக்கொடுத்து நம் பிள்ளைகளுக்கு 'ழ'கரம் கற்றுத்தரும் ஆசிரியப் பெருமக்களே, சிறப்பு விருந்தினராக வந்திருக்கும் நகரசபை உறுப்பினர் அவர்களே! விருந்தினருக்குத் தமிழ் தெரியாது. நம் செயலாளர் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறார். செயலாளர் தம்பி, நான் பள்ளிக்கூடக் கட்டட வாடகை பற்றிப் பேசும்போது மட்டும் ஒரு சொல்லைக்கூட விட்டுவிடாதீர்கள். அவர் காதில் விழ வேண்டிய செய்தி அது. காலை ஆறு மணியிலிருந்து அடுப்படியில் நிற்கும் உணவுக் குழுவினருக்கும் என் வணக்கம். எனக்கு முன்னால் பரதநாட்டியம் ஆடிய குழந்தைகளுக்குத் தனி வணக்கம். அந்தச் சின்ன மேடையில் பதினோரு பேர் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் ஆடினார்களே!

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். இன்றைக்கு இந்தப் பழமொழியைச் சில தடவை சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் வீட்டம்மா பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'கல்வியும் விளையாட்டும்'. மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். ஒரு சின்னக் கல்லூரியின் கூடைப்பந்து, அதே கல்லூரியின் பேஸ்பால், மூன்றாவதாகப் பெண் பிள்ளைகளின் விளையாட்டு.

கல்லூரி எது? பக்கத்தில் பாசடீனாவில் இருக்கும் கால்டெக், கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகம்தான். இந்த அரங்கில் பாதிப் பெற்றோர் ராத்திரி சாமி கும்பிடும்போது மனத்தில் நினைக்கிற பெயர் அது. இளநிலை மாணவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர். நம் பிள்ளைகள் போகும் உயர்நிலைப் பள்ளிகளிலேயே இதைவிடக் கூட்டம் அதிகம். இயற்பியல் மேதை ஃபைன்மன் பாடம் நடத்திய இடம். நம் சர் சி.வி. ராமன் 1924இல் விருந்தினராக வந்து தங்கிய இடம். நோபல் பரிசுகளை எண்ணினால் நாற்பதைத் தாண்டும்.

அந்தக் கல்லூரியின் கூடைப்பந்து அணி 1985இல் ஒரு லீக் ஆட்டத்தில், அதாவது சுற்றுவட்டாரக் கல்லூரிகளுக்குள் நடக்கும் தொடரில், ஜெயித்தது. அடுத்த லீக் வெற்றி 2011இல். நடுவில் 310 ஆட்டம். மூன்று இல்லை, முப்பது இல்லை, 310 தோல்வி, வரிசையாக! 1985இல் பிறந்த குழந்தைக்கு 2011இல் பெண் பார்க்கிற வயது வந்துவிடும். கடைசியில் ஜெயித்த அணியில் ஆடிய பையன்கள் யாரும் முந்தைய வெற்றியின்போது பிறக்கவே இல்லை.

லீக்குக்கு வெளியே கதை வேறு என்று நினைக்காதீர்கள். அவர்கள் ஆடுவது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் டிவிஷன் மூன்று. விளையாட்டுக்கு என்று உதவித்தொகை கொடுக்கக்கூடாத பிரிவு அது. அதிலேயே 1996 முதல் 207 ஆட்டம் தோற்று, 2007 ஜனவரியில் நியூயார்க்குப் பக்கமிருந்து வந்த பார்ட் கல்லூரியை 81-52 என்று அடித்து மூச்சுவிட்டார்கள். அந்தக் காலத்து அணியைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. பள்ளியில் முதல் மாணவனாக வந்தவர்கள் அணியில் எத்தனை பேரோ, பள்ளி அணியில் பந்து தொட்டவர்கள் அதைவிடக் குறைவு என்பார்கள்.

சரி, அந்த 2011 ராத்திரிக்கு வருகிறேன். பிப்ரவரி 22, செவ்வாய்க்கிழமை. சீசனின் கடைசி ஆட்டம். எதிரணி ஆக்ஸிடென்டல். பக்கத்து ஊர்க் கல்லூரி, ஒபாமா முதல் இரண்டு வருடம் படித்த இடம். ஸ்கோர் 45-45. கடிகாரத்தில் மிச்சம் 3.3 விநாடி. கால்டெக் பையன் ஒருவனை ஃபவுல் செய்துவிட்டார்கள், விதியை மீறித் தடுத்துவிட்டார்கள். கடைசி வருட மாணவன், கணினி அறிவியல் படிக்கிறவன். அதற்காகக் கிடைத்த ஃப்ரீ த்ரோவை, யாரும் தடுக்காத எறிதலை, போடக் கோட்டில் வந்து நிற்கிறான். கூடை மாட்டிய பலகைக்கும் அவனுக்கும் பதினைந்து அடி. வளையம் தரையிலிருந்து பத்து அடி உயரம். கை மறைக்க ஆள் இல்லை, தட்டிவிட ஆள் இல்லை. அவனும் பந்தும்தான். அப்புறம் அவன் தோளில் உட்கார்ந்திருக்கிற இருபத்தாறு வருடம்.

போட்டான். விழுந்தது. 46-45. மாணவர்கள் தளத்துக்குள் பாய்ந்துவிட்டார்கள்.

நான் எங்கே இருந்தேன் தெரியுமா? பத்து மைல் தள்ளி, வீட்டில், சாப்பாட்டு மேசையில். மூத்தவனுக்குப் பின்னம் கூட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்று மாலை அவன் என்னிடம், "அப்பா, பார்க்குக்குப் போய் பாஸ்கெட்பால் போடலாமா?" என்று கேட்டான். "முதலில் கீழ் எண்ணைச் சமமாக்கு, அப்புறம் பார்க்கலாம்" என்றேன். மறுநாள் காலையில் அலுவலகத்தில் எல்லோரும் கால்டெக், கால்டெக் என்கிறார்கள். சரி, இன்னொரு நோபல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். 'பிப்ரவரியில் எப்படி நோபல்?' என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. விஷயம் தெரிந்ததும் சிரித்தேன். சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னேன். அவன் கேட்டான்: "அத்தனை வருஷமும் தோற்றுக்கொண்டே இருந்தார்களா? யாரும் அவர்களை நிறுத்தச் சொல்லவில்லையா?"

இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை. நானாக இருந்தால் நிறுத்தச் சொல்லியிருப்பேன். நம்மில் பலரும் சொல்லியிருப்போம். "தோற்கத்தான் போகிறோம் என்றால் அந்த நேரத்தில் நாலு கணக்குப் போடலாமே" என்போம். அந்தப் பையன்கள் ஆய்வுக்கூடம் முடிந்து, தலைக்கு மேல் வீட்டுப்பாடத்தை வைத்துக்கொண்டு, நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பயிற்சிக்கு வந்தார்கள். கூடம் கோணல் என்று ஒருவரும் சொல்லவில்லை.

அவர்களிடம் தோற்றவர்களும் உண்டு. 1979இல் கிரெக் போபோவிச் என்ற இளைஞர் பொமோனா-பிட்சர் அணிக்குக் கோச்சாக வந்தார். முதல் சீசனில் 2 வெற்றி, 22 தோல்வி. அந்த 22இல் ஒன்று கால்டெக்கிடம். அதே மனிதர்தான் பின்னால் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிக்கு, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வில், ஐந்து பட்டம் வாங்கிக்கொடுத்தார். கூடம் கோணல் என்று அவரும் சொல்லவில்லை!

இப்போது பேஸ்பால். கிரிக்கெட் தெரிந்த நமக்கு இது கொஞ்சம் இழுவை ஆட்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். பந்து எறிகிற பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து அடிக்கிற இடத்துத் தட்டு வரை 60 அடி 6 அங்குலம். பந்து தரையில் குத்தாமல் நேராக வரும். அடிக்கவா விடவா என்று கண் சிமிட்டுவதற்குள் முடிவு எடுக்க வேண்டும். பத்து முறை போய் மூன்று முறை ஒழுங்காக அடித்துவிட்டால் இங்கே அவன் பெரிய ஆட்டக்காரன். ஏழு முறை தோற்பதற்கு மரியாதை இருக்கிற ஆட்டம்!

கால்டெக் பேஸ்பால் அணி 2003க்குப் பிறகு 228 ஆட்டம் வரிசையாகத் தோற்றது. 2013 பிப்ரவரி 2 அன்று பசிஃபிகா அணியை 9-7 என்று ஜெயித்தது. இதற்கு நடுவில் 2012இல் ஒரு கூத்து நடந்தது. அப்போது கால்டெக்கில் ஒரு வழக்கம் இருந்தது. பருவத்தின் முதல் மூன்று வாரம் மாணவர்கள் பல வகுப்புகளில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அப்புறம் பதிவு செய்யலாம். ஜவுளிக் கடையில் நாம் புடவை பிரித்துப் பார்ப்பதுபோல. ஆனால் அந்த மூன்று வாரத்தில் விதிப்படி அவர்கள் முழுநேர மாணவர்கள் ஆகமாட்டார்கள், ஆகவே ஆடக்கூடாது. இது கவனிக்கப்படாமல், 12 விளையாட்டுகளில் 30 பேர் நான்கு வருடத்தில் ஆடிவிட்டார்கள். கல்லூரியே போய் விளையாட்டுச் சங்கத்திடம் ஒப்புக்கொண்டது. தண்டனை என்ன? 5,000 டாலர் அபராதம், மூன்று வருடக் கண்காணிப்பு, தகுதி இல்லாதவர்கள் ஆடிய ஆட்டங்களின் வெற்றிகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெற்றியையா? கால்டெக்கிடமா? அந்த நான்கு வருடத்துக்குப் பேஸ்பால் அணியிடம் கேட்டிருந்தால், கொடுக்க ஒன்றுகூட இருந்திருக்காது. பிச்சைக்காரனிடம் வருமான வரி கேட்ட கதை.

(கைதட்டுகிறீர்கள், நன்றி. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.)

கூடைப்பந்து எங்கே பிறந்தது? 1891 டிசம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில். வெளியே குளிர், பையன்களை உள்ளேயே ஆடவைக்க வேண்டும் என்பதற்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் இரண்டு பீச் பழக் கூடைகளை மேல்மாடத்துக் கைப்பிடியில் மாட்டினார். கூடத்துக்காகவே செய்த ஆட்டம் இது. அதே ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான் ஹாரி க்ரோ பக் 1920இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரி தொடங்கினார். நம் ஊர்ப் பள்ளிகளில் விசிலோடு நின்ற பல பி.டி. மாஸ்டர்கள் அங்கே படித்தவர்கள்தான். ஆகவே இது நமக்கு அந்நிய ஆட்டம் இல்லை.

இப்போது செயலாளர் தம்பி கொஞ்சம் சத்தமாக மொழிபெயர்க்கவும். நாம் ஞாயிறுதோறும் வாடகைக்கு எடுக்கும் இந்தப் பள்ளிக்கூடத்தில், அதோ அந்த நீலக் கதவுக்குப் பின்னால், ஆறு கூடைகளோடு ஒரு உள்ளரங்கம் இருக்கிறது. தமிழ் வகுப்பு பன்னிரண்டு மணிக்கு முடிகிறது. பிள்ளைகள் அந்தக் கதவில் மூக்கை ஒட்டவைத்துக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு காரில் ஏறி, அடுத்த கணக்கு வகுப்புக்குப் போகிறார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம் பிள்ளைகள் என்ன சொல்வார்கள்? கூடம் பூட்டு என்பார்கள்.

ஒரு மணி நேரம் கூடுதலாக வாடகை கட்டினால் போதும். பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை. மூன்று வருடமாக நிர்வாகக் குழுவில் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதல் வருடம் காப்பீடு என்றார்கள். இரண்டாம் வருடம் பட்ஜெட் என்றார்கள். போன வருடம், "ஆடி என்ன, நம் பிள்ளைகள் என்.பி.ஏ.வுக்கா போகப்போகிறார்கள்?" என்று ஒரு நண்பர் கேட்டார். 310 ஆட்டம் தோற்ற பையன்களும் போகவில்லை ஐயா. எண்ணிக்கையும் கமெண்டரியும் தமிழிலேயே வைத்துக்கொள்வோம். 'இரண்டு புள்ளி', 'பந்தைக் கொடுடா' என்று கத்தினால் அதுவும் தமிழ் வகுப்புதானே? முதல்வர் அம்மையார் சிரிக்கிறார். பாதி அனுமதி கிடைத்தது என்று எடுத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது செய்தி, பெண் பிள்ளைகளின் விளையாட்டு... மணி அடித்துவிட்டார்கள். அடுத்து வில்லுப்பாட்டு, குழந்தைகள் வேஷத்தோடு நிற்கிறார்கள். வெளியே காபி மேசை ஓரமாகப் பச்சை அட்டை போட்ட நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடுகிறவர்கள் பிள்ளையின் பெயரையும் ஷூ அளவையும் சேர்த்து எழுதுங்கள். நகரசபை உறுப்பினர் அவர்களே, உங்களுக்கும் ஒரு வரி விட்டிருக்கிறேன். வணக்கம்.