1972 ஃபோர்டு டிரக்கும் திங்கட்கிழமைக் காலையும்

வணக்கம். இன்று கேமராவை எங்கள் வீட்டுக் கராஜின் வேலை மேசை மேல் வைத்துவிட்டுப் பேசுகிறேன். எனக்குப் பின்னால், சக்கரங்களைக் கழற்றி நான்கு முட்டுக்கட்டைகளின் மேல் நிறுத்தியிருப்பது 1972ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-100 பிக்கப் டிரக். வெளியே வெயிலில் நிற்கும் வெள்ளை வண்டி 2010ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா. செப்டம்பர் இறுதிவரை நான் இந்த டிரக்கில்தான் பள்ளிக்குப் போய் வந்தேன். இப்போது கொரோலாவில் போகிறேன். டிரக்கை விற்கவும் இல்லை, அதன் மேலுள்ள ஆசை குறையவும் இல்லை. பிறகு ஏன் இந்த மாற்றம் என்பதை இன்று முழுமையாகச் சொல்ல விரும்புகிறேன்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்காகச் சில வார்த்தைகள். எனக்குப் பதினேழு வயது. ஏழாம் வகுப்புவரை நாமக்கல்லில் தமிழ் வழியில் படித்தேன். இப்போது டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் வசிக்கிறோம் (கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் போன்றது). என் அம்மாவைப் பெற்ற அப்புச்சி முப்பது ஆண்டுகளுக்கு மேல் லாரி ஓட்டியவர். லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகள் வரிசையாக இருக்கும் சாலையில்தான் அவருடைய வீடு. வெல்டிங் பொறியும் பெயின்ட் வாசனையும் எனக்குக் குழந்தைப் பருவத்திலிருந்தே பழக்கம் என்பதால், பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவரின் கொட்டகையில் இந்த டிரக் தூசி மூடிக் கிடப்பதைப் பார்த்த நாளில் என்னால் கடந்து போக முடியவில்லை. இரண்டு கோடைகளில் புல் வெட்டிச் சேர்த்த பணத்தோடு அப்பா கொஞ்சம் போட்டுக் கொடுக்க, 2,800 டாலருக்கு வாங்கினோம்.

எஞ்சினைச் சற்று அருகில் காட்டுகிறேன். இது ஃபோர்டின் புகழ்பெற்ற 300 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின், அதாவது 4.9 லிட்டர். ஆறு சிலிண்டர்களும் ஒரே நேர்கோட்டில் நிற்பதால் இருபுறமும் கையை விட்டு வேலை செய்ய இடம் இருக்கிறது. 1965ஆம் ஆண்டு முதல் 1996ஆம் ஆண்டு வரை இதே அடிப்படை அமைப்பில் தயாரித்தார்கள். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டை ஏழு பேரிங்குகள் தாங்குகின்றன. வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டைச் சுழற்றுவதற்குச் சங்கிலியோ பெல்ட்டோ கிடையாது, பல்சக்கரம் பல்சக்கரத்தையே நேராகத் திருப்புகிறது. கியர் தடி ஸ்டீயரிங் தண்டின் பக்கத்திலேயே இருக்கிறது. வீடியோ அழைப்பில் அதைக் காட்டியபோது அப்புச்சி, "பழைய அம்பாசடர் மாதிரியே இருக்குது கண்ணு" என்று சொல்லிவிட்டு, மூன்று கியர்களும் எங்கெங்கே விழும் என்பதை அங்கிருந்தபடியே கையை அசைத்துக் காட்டினார். மகிழ்ச்சியில் அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆனால் வண்டி வேண்டும் என்ற ஆசை வேறு, வண்டி வேண்டியிருக்கிறது என்ற நிலைமை வேறு. அம்மா மருத்துவமனையில் செவிலியர். பல நாள்கள் இரவுப் பணி. அப்பா விடியும் முன்பே வேலைக்குக் கிளம்பிவிடுவார். பள்ளி பதினான்கு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. காலையில் மஞ்சள் பேருந்து வரும். மாலையில் இசைக்குழுப் பயிற்சி முடியும் நேரத்துக்கு வராது. ஏழாம் வகுப்பு படிக்கும் தங்கையை அவளுடைய பள்ளியிலிருந்து அழைத்து வருவதும் என் பொறுப்பு. நாமக்கல்லில் என்றால் பேருந்து நிறுத்தம்வரை நடந்து வந்தாலே போதும். இங்கே எங்கள் பகுதியில் பொதுப் பேருந்து இல்லை, நடந்து போகப் பல இடங்களில் நடைபாதையும் இல்லை. பதினாறு வயதில் எனக்கு ஓட்டுநர் உரிமம் கிடைத்தது வீட்டில் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. ஐம்பது ஆண்டு பழைய வண்டியின் தோள்மேல் ஒரு குடும்பத்தின் கால அட்டவணை முழுவதையும் ஏற்றினோம்.

முதல் பாடம் ஆகஸ்டில் கிடைத்தது. ஹூஸ்டனில் ஆகஸ்ட் மாத வெயில் நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்குக் குறையாது. ஈரப்பதம் சென்னையை நினைவூட்டும். சிக்னலில் நின்றுகொண்டிருந்தபோது எஞ்சின் அணைந்தது. மறுபடியும் உயிர் பிடிக்கவில்லை. எஞ்சின் சூட்டில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி, பம்பு எவ்வளவு இழுத்தும், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குத் திரவமாக வந்து சேரவில்லை. அரை மணி நேரம் ஆறவிட்டால் தானாகவே சரியாகும் கோளாறுதான். அந்த நேரத்தில் என் தங்கை பள்ளி வாசலில் ஐம்பது நிமிடம் தனியாக நின்றாள். கடைசி ஆசிரியரும் கிளம்பும்வரை காத்திருந்ததை அவள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் இரவில் சொன்னாள். அதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் போகவில்லை.

அதன் பிறகு எரிபொருள் ரப்பர் குழாய்கள் அனைத்தையும் மாற்றினேன். உங்களில் யாரிடமாவது பழைய வண்டி இருந்தால் இதை அவசியம் கவனியுங்கள். இங்கே விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் பத்து விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. 1972ஆம் ஆண்டில் செய்த ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதன்று. உள்ளே உப்பி, வெளியே வெடித்து, ஒருநாள் கசிந்துவிடும். நான் கழற்றிய குழாய் ஒன்று இதோ. விரலால் மடக்கினாலே பிளவு தெரிகிறது.

இப்போது அந்தத் திங்கட்கிழமையைப் பற்றிச் சொல்கிறேன். செப்டம்பர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வலது பின் சக்கரத்தின் உட்புறம் ஈரமாக இருப்பதைப் பார்த்தேன். இந்த ஆண்டு மாடலில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்தான்: சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உட்புறத்தை லைனிங்குகள் அழுத்தி வண்டியை நிறுத்தும். டிரம்மைக் கழற்றினால், லைனிங்குகளைத் தள்ளும் வீல் சிலிண்டரிலிருந்து பிரேக் ஆயில் வழிந்து லைனிங்குகள் முழுவதும் நனைந்திருந்தன. கடை மூடுவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஓடிப்போய் சிலிண்டரும் லைனிங்குகளும் வாங்கி வந்தேன். சிலிண்டருக்குப் பிரேக் ஆயில் கொண்டுவரும் இரும்புக் குழாயைப் பிடித்திருக்கும் நட்டு துருவேறி இறுகியிருந்தது. சரியான ஸ்பேனர் இல்லாததால் இருந்ததை வைத்துத் திருகி, அதன் மூலைகளைத் தேய்த்துவிட்டேன். குழாயையே மாற்றியிருக்க வேண்டும். அது என்னிடம் இல்லை, கடையும் மூடியாகிவிட்டது, மணி இரவு பத்தரை, காலை ஆறே முக்காலுக்குத் தங்கையோடு கிளம்ப வேண்டும். ஆகவே பழைய நட்டையே முடிந்தவரை இறுக்கி, பிரேக் குழாய்க்குள் இருந்த காற்றை வெளியேற்றி, மிதித்துப் பார்த்தேன். பெடல் கெட்டியாக இருப்பதுபோலத் தோன்றியது. "போதும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை எங்கள் தெரு முனையில் "ஸ்டாப்" பலகைக்கு முன்னால் பிரேக்கை மிதித்தபோது பெடல் தரையை நோக்கி இறங்கியது. இந்த டிரக்கில், பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் முன் சக்கரங்களுக்கு ஓர் அறை, பின் சக்கரங்களுக்கு ஓர் அறை எனத் தனித்தனியாக இருப்பதால், பின்பக்கம் முழுவதும் கைவிட்டபோதும் முன் பிரேக் பிடித்தது. கோட்டைத் தாண்டி ஒரு வண்டி நீளம் போய் நின்றோம். குறுக்கே யாரும் வரவில்லை. என் பக்கத்தில் தங்கை, இடுப்புக்கு மட்டும் இருக்கும் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்; அந்த இருக்கையின் முதுகுக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே பெட்ரோல் தொட்டி இருந்தது. இந்த மாடலில் தொழிற்சாலையிலேயே தொட்டியை அங்கேதான் வைத்தார்கள்.

அன்றிரவு அப்புச்சியை அழைத்துச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "நட்டு தேஞ்சிருக்குதுன்னு தெரிஞ்சும் ஏன் வண்டிய எடுத்த கண்ணு?" என்று மட்டும் கேட்டார். "காலையில் பள்ளிக்குப் போக வேண்டுமே, அப்புச்சி" என்றேன். சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. பிரேக் வேலை எனக்குத் தெரியாமல் இல்லை. எந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்பதை நான் படித்திருந்தேன், அவரிடமும் கேட்டிருந்தேன். திங்கட்கிழமைக் காலைதான் என் கையிலிருந்த ஸ்பேனரை அவசரப்படுத்தியது. ஓட்ட வேண்டிய வண்டியாகவும் பிரித்துப் போட வேண்டிய வண்டியாகவும் ஒரே வண்டி இருக்கும்வரை, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை இரவும் இந்தச் சோதனை வரும். எல்லா ஞாயிறும் நான் சரியாக முடிவெடுப்பேன் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

இன்னொன்றையும் அப்புச்சி நினைவூட்டினார். நாமக்கல்லில் பழைய லாரிகளை ஆண்டுதோறும் எஃப்.சி.க்கு, அதாவது ஓடத் தகுதியானவை என்ற சான்றுக்குக் காட்ட வேண்டும். அதற்கு முன்பு லாரி சில நாள் பட்டறையில் நிற்கும். பிரேக், ஸ்டீயரிங், விளக்கு எல்லாவற்றையும் பிரித்துப் பார்ப்பார்கள். அந்த நாள்களில் வாடகை வராது என்று தெரிந்தேதான் நிறுத்துவார்கள். டெக்சாஸிலோ 2025ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல், வணிகப் பயன்பாட்டில் இல்லாத வண்டிகளுக்கு ஆண்டுப் பாதுகாப்புச் சோதனையே கிடையாது. எங்கள் கவுண்டி போன்ற சில இடங்களில் புகைச் சோதனை மட்டும் தொடர்கிறது. அதிலும் இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு விலக்கு உண்டு. ஆக, என் டிரக்கின் பிரேக்கைப் பார்க்கச் சட்டப்படி இனி ஒருவரும் வரப்போவதில்லை. நான் பார்த்தால்தான் உண்டு. பதினேழு வயதில் இது எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. பயத்தை மறைக்க நான் விரும்பவில்லை.

வீட்டில் மூன்று நாள் பேசினோம். டிரக்கை விற்று அந்தப் பணத்தையும் சேர்த்து நல்ல கார் வாங்கலாம் என்பது அம்மாவின் முதல் யோசனை. அது நியாயமான யோசனை என்றே நானும் சொன்னேன். கடைசியில் அப்பா ஒரு வழி சொன்னார்: தெரிந்த குடும்பத்தினர் ஊர் மாறிப் போவதால் விற்கும் கொரோலாவை 5,400 டாலருக்கு வாங்குவது, அதில் பாதியை நான் மாதாமாதம் திருப்பிக் கொடுப்பது, கொடுத்து முடிக்கும்வரை டிரக்குக்காக மாதம் நாற்பது டாலருக்கு மேல் செலவழிக்காமல் இருப்பது. நான் ஒப்புக்கொண்டேன். பெட்ரோல் கணக்கும் எங்களுக்குச் சாதகமாக இருந்தது: டிரக் லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர்தான் தந்தது, கொரோலா அதைப் போல இரு மடங்கு தருகிறது.

இரண்டு வண்டிகள் வைத்துக்கொள்ள எல்லா வீட்டிலும் வசதி இருக்காது என்பது எனக்குத் தெரியும். ஒரே ஒரு பழைய வண்டியை வைத்துக்கொண்டு அதிலேயே தினமும் போக வேண்டிய என் வயதுத் தோழர்களுக்கு, நான் பட்டதிலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன். சனிக்கிழமை காலையில் தொடங்க முடியாத வேலையை அந்த வாரம் தொடங்காதீர்கள். புதிய பாகமும் அதற்குரிய ஸ்பேனரும் கையில் வந்த பிறகே பழையதைக் கழற்றுங்கள்; பிரேக் குழாயின் நட்டுக்கு, அதைச் சுற்றிப் பிடிக்கும் தனி ஸ்பேனர் கிடைக்கிறது, அது இருந்திருந்தால் என் நட்டு தேய்ந்திருக்காது. டயரின் பக்கவாட்டில் DOT என்ற எழுத்துகளுக்குப் பின் முடிவில் வரும் நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2309 என்றிருந்தால் 2009ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். என் டிரக்கில் இருந்தது அதுதான். தரையில் படும் பட்டையின் பள்ளங்கள் ஆழமாகவே இருந்தன, ஆனால் ரப்பர் இறுகிப்போயிருந்தது. வண்டியின் கீழே படுக்கும்போது ஜாக்கியை மட்டும் ஒருபோதும் நம்பாதீர்கள். பெயின்டைப் பற்றியெல்லாம் கடைசியில் யோசிக்கலாம்.

பழைய வண்டி என்பதால் "ஆன்டிக்" எண் பலகை வாங்கிவிடலாம் என்று எண்ணுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டெக்சாஸில் அது கண்காட்சி, அணிவகுப்பு, சங்க நிகழ்ச்சி போன்றவற்றுக்காக மட்டுமே தரப்படுகிறது. அதை மாட்டிக்கொண்டு தினமும் பள்ளிக்கு ஓட்டக் கூடாது. "கிளாசிக்" என்று இன்னொரு வகை உண்டு, அதற்கு இந்தத் தடை இல்லை. நான் எதற்கும் விண்ணப்பிக்கவில்லை. வண்டி நிற்கப் பழகிய பிறகுதான் பலகை.

கொரோலா வந்து ஐந்து வாரம் ஆகிறது. இந்த ஐந்து வாரத்தில் டிரக் வேலை மெதுவாகத்தான் நடந்திருக்கிறது என்றாலும், இதற்கு முன் இவ்வளவு நன்றாக நடந்ததில்லை. பின் அச்சுக்குப் போகும் இரும்புக் குழாய் மூன்றையும் மாற்றிவிட்டேன். ஒரு மூட்டு சரியாக உட்காரவில்லை என்று தோன்றியபோது, அதை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போனேன்; அடுத்த சனிக்கிழமை மறுபடி பிரித்துச் செய்தேன். காலையில் தங்கையைக் கொரோலாவில் கொண்டுபோய் விட்டேன். அந்த வாரம் முழுவதும் டிரக் பாதி பிரித்த நிலையில் இங்கேயே நின்றது, அதனால் யாருக்கும் எந்தச் சிரமமும் ஏற்படவில்லை.

அடுத்த பெரிய வேலை பெட்ரோல் தொட்டி. கேபினிலிருந்து அதை எடுத்துவிட்டு, பின்பக்கச் சரக்குத் தளத்தின் கீழே, வண்டியின் அடிச்சட்டத்தின் இரு தண்டுகளுக்கு இடையில் வேறு தொட்டி பொருத்தப் போகிறேன். இந்த டிரக் வைத்திருப்பவர்கள் பலர் செய்யும் மாற்றம்தான் இது. அதற்கான பணம் சேர ஜனவரி ஆகும். அது முடியும்வரை இந்த டிரக்கில் தங்கை ஏறமாட்டாள் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

இன்றைக்கு வலது பின் டிரம்மை மறுபடி கழற்றி, புதிய நட்டின் அடியில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கப் போகிறேன். விளக்கை அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். ஒரு நிமிடம், கேமராவையும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.