முடிவு தெரிந்த கதைகளின் சுகம்

நேயர்களுக்கு வணக்கம். அண்மையில் எதைப் பார்த்தீர்கள், எதைப் படித்தீர்கள் என்று யாரேனும் கேட்டால் சொல்வதற்கு நம்மில் பெரும்பாலோரிடம் இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. விருது பெற்ற படம், விமர்சகர்கள் கொண்டாடிய புதினம், நண்பர்கள் மெச்சிய ஆவணப்படம் ஆகியவை முதல் பட்டியலில் இருக்கும். அதை உரக்கச் சொல்வோம். இரண்டாவது பட்டியலை வாய்விட்டுச் சொல்வதில்லை. வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு பார்க்கும் காதல் தொடர், பலமுறை படித்து முடித்த துப்பறியும் கதை, நடுவர்களே கண்கலங்கும் பாட்டுப் போட்டி ஆகியவற்றுக்கு அங்கேதான் இடம். யாராவது கண்டுபிடித்துவிட்டால், "சும்மா பொழுதுபோக்குக்காக" என்று ஒரு சமாதானம் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவோம். இன்று அந்த இரண்டாவது பட்டியலைப் பற்றி மட்டுமே பேச விரும்புகிறேன். ஏனென்றால் நான் நெடுங்காலமாக மிகவும் நேசித்துவரும் படைப்புகள் அங்கேதான் இருக்கின்றன.

இத்தகைய படைப்புகளின்மேல் சுமத்தப்படும் குற்றச்சாட்டு பெரும்பாலும் ஒன்றுதான். அடுத்து என்ன நடக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது என்பார்கள். காதலர்கள் சேர்வார்கள், கொலையாளி பிடிபடுவான், பிரிந்த குடும்பம் ஒன்றுகூடும். பிறகு அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். என் பதில், முடிவு தெரிந்திருப்பதால்தான் நான் பார்க்கிறேன் என்பது. முடிவைப் பற்றிய கவலை நீங்கிய பிறகுதான், கதை எப்படிச் சொல்லப்படுகிறது என்பதில் மனம் முழுமையாகத் தங்குகிறது. இராமன் முடிசூடுவான் என்பதை அறியாமலா நாம் கம்பனைக் கேட்க உட்காருகிறோம்?

அண்மையில் நான் மிகவும் விரும்பிப் பார்த்தது, 2023-இல் தொடங்கிய 'போக்கர் ஃபேஸ்' என்னும் அமெரிக்கத் தொடர். ஒருவர் பொய் சொன்னால் அந்த நொடியிலேயே உணர்ந்துகொள்ளும் ஆற்றல் வாய்ந்த ஒரு பெண் ஊர் ஊராகப் போகிறாள்; போகும் இடங்களில் எல்லாம் ஒரு கொலை நடக்கிறது. ஆனால் கொலை செய்தவர் யார், எப்படிச் செய்தார், ஏன் செய்தார் என்பதையெல்லாம் தொடக்கத்திலேயே நமக்குக் காட்டிவிடுகிறார்கள். மறைத்து வைக்க எதுவும் இல்லை. 1971 முதல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடராக வந்த 'கொலம்போ'வும் இதே முறையில் அமைந்ததுதான். கசங்கிய மழைக்கோட்டு அணிந்த அந்தக் காவல் அதிகாரி, விசாரணை முடிந்ததுபோல் விடைபெற்று வாசல்வரை சென்று, இன்னும் ஒரே ஒரு கேள்வி இருக்கிறது என்று திரும்பி வருவார். அவர் திரும்பி வருவார் என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் அவர் கதவை நோக்கி நடக்கத் தொடங்கியவுடனேயே உடல் நிமிர்ந்துவிடுகிறது. நடக்கப்போவது தெரியாததால் எழுகிற பரபரப்பு இதில் சிறிதும் இல்லை. நடக்கப்போவது தெரிந்ததால்தான் இந்தப் பரபரப்பு.

இது என் தனிப்பட்ட விருப்பம் என்று நீங்கள் நினைக்கலாம். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தைச் சேர்ந்த லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்னும் இரு உளவியலாளர்கள் 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிறுகதைகளைச் சிலரிடம் அப்படியே படிக்கக் கொடுத்தார்கள். வேறு சிலரிடம் முடிவை முன்னதாகவே சொல்லிவிட்டுப் படிக்கக் கொடுத்தார்கள். முடிவை அறிந்து படித்தவர்களே பொதுவாகக் கதையை அதிகம் ரசித்தார்கள். மர்மக் கதைகளிலும் அப்படித்தான். பின்னர் வேறு ஆய்வாளர்கள் செய்த சில சோதனைகளில் இதற்கு மாறான முடிவுகளும் வந்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஆயினும், முடிவு தெரிந்துவிட்டால் கதை செத்துவிடும் என்ற நம்பிக்கை அவ்வளவு உறுதியானதல்ல என்பதற்கு அந்த ஆய்வு போதும்.

இந்த இடத்தில் ஒரு நிகழ்வை விரிவாகச் சொல்ல வேண்டும். வெகுஜனக் கதைகளைப் பற்றி எங்கே பேச நேர்ந்தாலும் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. 'டாலஸ்' என்னும் அமெரிக்கத் தொடரை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். எண்ணெய் வணிகத்தில் செழித்த ஒரு குடும்பத்தின் கதை அது. அந்தக் குடும்பத்தின் மூத்த மகன் ஜே.ஆர். எல்லோரையும் ஏமாற்றுபவன், ஆகவே அவன்மேல் பகை இல்லாதவர்கள் அந்தக் கதையில் அரிது. 1980-ஆம் ஆண்டு மார்ச் 21 அன்று ஒளிபரப்பான பகுதியின் கடைசிக் காட்சியில், இரவில் அலுவலகத்தில் தனியாக இருக்கும் ஜே.ஆரை யாரோ சுடுகிறார்கள். சுட்டவர் முகம் தெரியவில்லை. அத்துடன் அந்த ஆண்டின் பகுதிகள் முடிந்துவிட்டன.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. சுட்டது யார் என்ற கேள்வி அந்தக் கோடைக்காலம் முழுவதும் பேசப்பட்டது. அந்தக் கேள்வி அச்சிட்ட சட்டைகள் விற்பனையாயின. பிரிட்டனில் அதன்மேல் பந்தயம் கட்டினார்கள். ஆகஸ்டு மாதத்தில் 'டைம்' வார இதழின் அட்டையில் ஜே.ஆராக நடித்த லாரி ஹேக்மனின் முகம் வந்தது. இதற்கிடையே நடிகர் சங்கத்தின் வேலைநிறுத்தம் வேறு குறுக்கிட, விடை மேலும் தள்ளிப்போயிற்று. ரகசியம் கசியாமல் இருக்க, பல நடிகர்கள் சுடுவதாகத் தனித்தனியே படம்பிடித்து வைத்தார்கள். கடைசியில் நவம்பர் 21 அன்று விடை வந்தது. அமெரிக்காவில் மட்டும் 8 கோடிக்கும் அதிகமானோர் அன்று தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்ததாகக் கணக்கிடப்பட்டது. சுட்டது ஜே.ஆரின் மனைவியின் தங்கை கிறிஸ்டின்.

இந்த நிகழ்வைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். மர்மத்தின் ஆற்றலுக்கு இதை ஓர் எடுத்துக்காட்டாகக் காட்டுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த வாரம். விடை தெரிந்துவிட்டது, மர்மம் தீர்ந்துவிட்டது. அடுத்து என்ன என்ற ஆவல் மட்டுமே மக்களை அந்தத் தொடரோடு பிணைத்திருந்தால், அவர்கள் அன்றோடு எழுந்து போயிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. அந்தத் தொடர் 1991 வரை நீடித்தது. ஜே.ஆர். மீண்டும் சூழ்ச்சி செய்வான், மீண்டும் சிக்குவான், மீண்டும் சிரித்துக்கொண்டே தப்புவான் என்பதை அறிந்தே மக்கள் வாரந்தோறும் பார்த்தார்கள். கேள்வி அவர்களை ஒரு நாள் ஒன்றுசேர்த்தது. பழக்கமான மனிதர்களே ஆண்டுக்கணக்கில் அவர்களை வரவழைத்தார்கள்.

வானொலியில் பேசுகிறபோது இதையும் சொல்லியாக வேண்டும்: தொடர் என்னும் இந்த வடிவம் தொலைக்காட்சிக்கு முன்பே வானொலியில் வளர்ந்தது. 1930-இல் சிகாகோ வானொலி நிலையம் ஒன்றில் இர்னா ஃபிலிப்ஸ் என்ற பெண்மணி எழுதிய குடும்பக் கதையிலிருந்து இந்த மரபு கிளைத்தது. அவர் உருவாக்கிய 'தி கைடிங் லைட்' என்னும் தொடர் 1937-இல் வானொலியில் தொடங்கி, 1952-இல் தொலைக்காட்சிக்கு மாறி, 2009 வரை ஓடியது. பிபிசியின் 'தி ஆர்ச்சர்ஸ்' 1951 முதல் இன்றுவரை ஒலித்துக்கொண்டிருக்கிறது. 1955 செப்டம்பரில் அதில் வரும் கிரேஸ் என்னும் இளம் மனைவி, லாயத்தில் பற்றிய தீயிலிருந்து குதிரையைக் காப்பாற்றச் சென்று இறந்தபோது, துயரமும் கோபமும் கொண்ட நேயர்கள் தொலைபேசி வழியாக பிபிசியை முற்றுகையிட்டார்கள். முகமே காணாத ஒருத்திக்காக, குரலை மட்டுமே கேட்டுப் பழகிய ஒருத்திக்காக அவர்கள் துக்கம் கொண்டாடினார்கள். மறு ஆண்டே ஹார்ட்டன், வோல் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள், ஊடகங்களில் தோன்றுகிறவர்களோடு நேயர்கள் கொள்ளும் இத்தகைய ஒருதலை உறவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அந்த உறவை ஓர் ஏமாற்றமாக நான் கருதவில்லை. ஒருவரை நன்கு அறிந்திருப்பதன் மகிழ்ச்சி, அவர் இன்ன இடத்தில் இன்னது செய்வார் என்று நமக்குத் தெரிவதில்தான் இருக்கிறது. கதைமாந்தருக்கும் அது பொருந்தும்.

இனி, என் இரண்டாவது பட்டியலில் எப்போதும் முதலிடம் பெறும் கொரியக் காதல் தொடர்களுக்கு வருகிறேன். 2019 டிசம்பரில் தொடங்கி 2020 பிப்ரவரியில் முடிந்த 'க்ராஷ் லேண்டிங் ஆன் யூ' என்னும் தொடரை அண்மையில் மீண்டும் பார்த்தேன். பாராகிளைடரில் பறக்கும் தென்கொரியச் செல்வந்தர் வீட்டுப் பெண்ணைச் சூறைக்காற்று எல்லைக்கு அப்பால் வடகொரியாவில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அங்கே ஓர் இராணுவ அதிகாரி அவளைக் கண்டெடுக்கிறார். முதல் பகுதி முடிவதற்குள் இவர்கள் காதலிப்பார்கள் என்பது யாருக்கும் தெரிந்துவிடும். மீதமுள்ள 15 பகுதிகளும் அதைத் தள்ளிப்போடும் கலைதான். ஒருவர் சொல்ல நினைத்ததைச் சொல்லாமல் விடுவது, மற்றவர் அதைக் கேட்காமலே புரிந்துகொண்டும் புரியாததுபோல் இருப்பது, கைக்கெட்டும் தூரத்தில் எல்லைக்கோடு வந்து நிற்பது என்று எத்தனை விதமான தாமதங்கள்! தாமதத்தைச் சலிப்பில்லாமல் கட்டுவது மிகக் கடினமான தொழில். ஒரு திருப்பத்தை எழுதுவதைவிட, எல்லோரும் எதிர்பார்க்கும் ஒன்றை உரிய நேரத்தில், உரிய அளவில் கொண்டுவந்து சேர்ப்பதற்கே அதிகத் திறமை வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இத்தகைய தொடர்கள் அழவைக்கின்றன, ஆகவே மலிவானவை என்று சொல்வோரும் உண்டு. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளை வரிசைப்படுத்தும்போது நகைக்கு அடுத்து அழுகையைத்தான் வைத்தார். அந்த அழுகை எவற்றிலிருந்து பிறக்கும் என்பதற்கு "இளிவே இழவே அசைவே வறுமை" என்று நான்கையும் எண்ணிக் காட்டினார். பிறரால் இகழப்படுவது, உரியதை இழப்பது, முன்பிருந்த நல்ல நிலையிலிருந்து தாழ்வது, இல்லாமை ஆகிய இந்த நான்கையும் மனத்தில் வைத்துக்கொண்டு, நீங்கள் கடைசியாகக் கண்கலங்கிப் பார்த்த எந்தத் தொடரையும் எண்ணிப் பாருங்கள். நான் சொன்ன தொடரில் செல்வந்தர் வீட்டுப் பெண் அடையாளமே இல்லாமல் அயலூரில் ஒளிந்து வாழ்கிறாள், அது அசைவு. அவளுடைய குடும்பமே அவளை ஒதுக்குகிறது, அது இளிவு. அந்த அதிகாரி தம் அண்ணனைப் பறிகொடுத்தவர், அது இழவு. இத்தனை பழைய இலக்கண நூலில் இடம்பெற்ற ஓர் உணர்ச்சியை, தொலைக்காட்சியில் வந்தது என்பதற்காக மட்டும் ஒளித்து வைக்க வேண்டியதில்லை.

துப்பறியும் கதைகளைப் பற்றி இன்னும் நீளமாகப் பேசத் திட்டமிட்டிருந்தேன். நேரம் குறைந்துவிட்டதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஆங்கிலக் கவிஞர் ஆடன் 1948-இல் எழுதிய ஒரு கட்டுரையில், துப்பறியும் கதை தமக்குப் புகையிலையையும் மதுவையும் போன்ற ஒரு பழக்கம் என்று எழுதினார். அந்த நூற்றாண்டின் முதன்மையான கவிஞர்களில் ஒருவர் தம் இரண்டாவது பட்டியலை இப்படி வெளிப்படையாக வைத்ததை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் அதே கட்டுரையில், படித்து முடித்தவுடன் கதை மறந்துவிடும், மறுபடி படிக்கத் தோன்றுவதில்லை என்றும் அவர் சொல்கிறார். அங்கே நான் அவரோடு உடன்படவில்லை. கொலையாளி யார் என்று தெரிந்தபின் படிக்கும் இரண்டாவது வாசிப்பில்தான், ஆசிரியர் நம் கண்ணெதிரே துப்புகளை எவ்வளவு நேர்மையாக வைத்திருந்தார் என்பது புலப்படுகிறது. அண்மையில் அகதா கிறிஸ்டியின் நாவல்களை மறுபடியும் வரிசையாகப் படித்து வருகிறேன். முதல் வாசிப்பில் சாதாரண உரையாடலாகக் கடந்து போன ஒரு வரி, இப்போது அப்பட்டமான ஒப்புதல் வாக்குமூலமாக நிற்கிறது. முதல் முறை படிப்பவருக்கு அந்த இன்பம் கிடைக்க வழியே இல்லை.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். பாட்டுப் போட்டிகளுக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. 1956-இல் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் ஏழு நாடுகளோடு தொடங்கி, 1974-இல் ஆபா இசைக்குழுவை உலகுக்கு அறிமுகப்படுத்திய யூரோவிஷன் போட்டியை நான் ஆர்வத்தோடு பார்த்துவருகிறேன். அங்கே பாடப்படும் பாடல்கள் பலவற்றில், கடைசி முறை பல்லவி வரும்போது சுருதி சட்டென்று ஒரு படி மேலே ஏறும். அது ஏறப்போகிறது என்பதைத் தாள வாத்தியம் முன்னதாகவே அறிவித்துவிடும். பாடகர் மூச்சை இழுப்பதும் நமக்குத் தெரியும். தெரிந்தே காத்திருந்து, ஏறியதும் சிலிர்க்கிறோம். அடுத்த முறை அப்படி ஒரு பாடலைக் கேட்க நேர்ந்தால், அந்த இடத்தில் ஒலியைச் சற்றுக் கூட்டி வைத்துக் கேளுங்கள். வணக்கம்.