கத்திரி வெயிலில் தரங்கம்பாடி

நண்பர்களே, வணக்கம்.

கோடையில் தரங்கம்பாடிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வந்து சேரும் நேரமே தப்பு. காலையில் திருக்கடையூரில் சாமி கும்பிட்டுவிட்டுப் பதினொன்றரைக்கு வேனில் வந்து இறங்குவார்கள். கொதிக்கிற மணலில் நாலடி நடப்பார்கள், கோட்டைக்கு முன்னால் ஒரு படம் எடுப்பார்கள், பன்னிரண்டரைக்கெல்லாம் காரைக்காலுக்குக் கிளம்பிவிடுவார்கள். "அங்கே என்ன இருக்கு, வெயில்தான் இருக்கு" என்று வீட்டில் போய்ச் சொல்வார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் யார் வந்தாலும் அப்படித்தான் தெரியும். அதனால் நான் முதலில் கேட்டுக்கொள்வது, ஒரு ராத்திரியாவது தங்குங்கள். கோடையில் இந்த ஊரை விடியற்காலையிலும் மாலையிலும்தான் பார்க்க முடியும்.

காரணத்தைச் சொல்கிறேன். இந்த ஊர் சுமார் 11 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் 18-ஐ ஒட்டி நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அதன்பிறகு ஆகஸ்ட் கடைசி வரைக்கும் உச்சிக்குச் சற்று வடக்கே போகும். மே மாதம் இருபது தேதிவாக்கில் நாலு மீட்டர் உயரச் சுவருக்கு நண்பகல் நிழல் எவ்வளவு தெரியுமா? எழுபது சென்டிமீட்டர்கூட இல்லை. அதுவும் சுவருக்குத் தெற்கே விழும். ராஜா வீதியில் ஒருவர் ஒதுங்கி நிற்கக்கூட அது போதாது. அகலமான தாழ்வாரமும் திண்ணையும் வைத்து இங்கே வீடு கட்டியதற்கு இந்த வெயில்தான் காரணம்.

மே நடுவில் 5.50 வாக்கில் சூரியன் உதிக்கும். ஐந்தரைக்கே கடற்கரைக்கு வந்துவிடுங்கள். பலரும் நகர வாயிலில் தொடங்கிக் கடலை நோக்கி நடக்கிறார்கள். காலையில் அப்படி நடந்தால் வெயில் கண்ணில் குத்தும், கட்டடங்களின் முகமும் இருட்டாகத் தெரியும். கடலில் தொடங்கி மேற்கே நடங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், வெளிச்சம் சுவர்களின் மேல் விழும்.

முதலில் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் 1306-இல் எழுந்தது. அதன் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அடுத்து டேன்ஸ்பர்க் கோட்டை. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கியது. இப்போதைக்கு வெளியே நின்று பார்த்தால் போதும். பிறகு ராஜா வீதி. புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில் அரச முத்திரையோடு 1718 என்ற ஆண்டைப் பாருங்கள். இந்த ஆலயத்தைக் கட்டிய ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு 1719-இல் இறந்தார், அவருடைய கல்லறை உள்ளேதான் இருக்கிறது. பக்கத்தில் 1701-ஆம் ஆண்டின் சீயோன் ஆலயம். கடைசியாக 1792-இல் கட்டிய நகர வாயில். நின்று நின்று பார்த்தாலும் எட்டரைக்கு முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்தில் கேமராவோடு உள்ளே போகாதீர்கள்.

கேமரா என்றதும் ஒன்று. ஏசி அறையிலிருந்து எடுத்துக்கொண்டு நேரே கடற்கரைக்கு வந்தால் லென்ஸில் ஆவி படியும். கிளம்புவதற்கு அரை மணி முன்பே பையோடு வெளியே வைத்துவிடுங்கள்.

நடக்கும்போது ஒரு சுவரின் அருகே போய் நில்லுங்கள். அடியில், முழங்கால் உயரத்துக்கு, வெள்ளைப் பொடி பூத்திருக்கும். கடல் உப்பு ஈரத்தோடு செங்கல்லுக்குள் ஏறும். ஈரம் காயும்போது உப்பு படிகமாகிப் பருத்து, மேற்பரப்பை உதிர்க்கும். சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தை வெளியே விடும், தான் உதிர்ந்து செங்கல்லைக் காக்கும். பத்து வருஷத்துக்கு ஒருமுறை காரையை மட்டும் புதுப்பித்தால் போதும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, வெளியே வழுவழுப்பாக இருக்கும்போதே உள்ளே செங்கல் மாவாகிவிடும். பழைய வீடு வைத்திருக்கிறவர்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. வருகிறவர்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: சாவியால் பெயர் கீறாதீர்கள். கீறிய இடத்தில் காரை விட்டுப்போகும், உப்பு அங்கேதான் முதலில் வேலையைக் காட்டும்.

கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தை வெயில் ஏறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தளத்தில் வளைவுக் கூரையும் தடித்த சுவரும் இருப்பதால் உள்ளே சூடு மெல்லத்தான் ஏறும். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அந்த நாளைத் தவிர்த்துத் திட்டம் போடுங்கள். 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்கும்வரை இந்த ஊர் டென்மார்க்கின் கையில் இருந்தது. அந்தக் கதைக்கு இங்கே ஒரு மணி நேரம் கொடுக்கலாம்.

பன்னிரண்டிலிருந்து மூன்றரை வரை வெளியே சுற்ற வேண்டாம். ஒரு நாளைக்கு ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீராவது வேண்டும். உப்புப் போட்ட மோர் நல்லது. நுங்கு கிடைக்கும் காலம் இது. விரல் வைத்தால் நெகிழ்ந்து கொடுப்பதை வாங்குங்கள். கெட்டியாகிவிட்ட நுங்கு வயிற்றைப் பிடிக்கும். வேர்வை நின்று, உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் அது வெயில் மயக்கம் அல்ல, உயிருக்கு ஆபத்து. உடனே 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, நிழலில் கிடத்தி, ஈரத்துணி போட்டு விசிறுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

மாலைக்குக் காற்றுதான் கடிகாரம். நிலம் சூடேறியதும் மதியத்தில் கடல்காற்று உள்ளே வரும். கத்திரியில் மேற்கே இருந்து அடிக்கும் அனல்காற்று பலமாக இருந்தால் கடல்காற்று வருவது இரண்டு மூன்று மணி வரைக்கும்கூடத் தள்ளிப்போகும். மரக்கிளையும் கொடியும் ஊர்ப்பக்கம் சாயத் தொடங்கினால் கடல்காற்று இறங்கிவிட்டது என்று அர்த்தம். நாலரைக்கு மேல் கரைக்குப் போகலாம். இந்தக் கடற்கரையில் வீசுவது ஓசோன் நிறைந்த "ஓசோன் காற்று", உடம்புக்கு நல்லது என்று ஒரு பேச்சு உண்டு. கடல் மணத்துக்குப் பெரிதும் காரணம் நுண்ணுயிரிகள் விடும் கந்தகச் சேர்மம். மூச்சில் போகும் ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல். காற்று நன்றாக இருக்கிறது, அதற்கு அந்தப் பெயர் தேவையில்லை.

குளிப்பதைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். கோட்டையை ஒட்டிப் போட்டிருக்கும் கருங்கற்களில் ஏறாதீர்கள். பாசி வழுக்கும், கல்லிடுக்கில் கால் மாட்டினால் அடுத்த அலை அடித்துவிடும். அலை எங்கும் உடைந்துகொண்டிருக்க, ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் அமைதியாக, கலங்கலாக, நுரை கடல்பக்கம் போகிறதா? குளிக்க நல்ல இடம் என்று பலர் ஏமாறுவது அங்கேதான். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகும் வழி அது. அதில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கிப் போராடாதீர்கள், களைத்துத்தான் மூழ்குவீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து, அலையோடு திரும்புங்கள். நீச்சல் தெரியாதவர்களும் குழந்தைகளும் முழங்கால் ஆழத்தோடு நின்றுவிட வேண்டும்.

மீன் சாப்பிட வருகிறவர்களுக்கு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. நாட்டுப்படகும் ஃபைபர் படகும்தான் போகும். அதனால் பெரிய மீன் என்றால் ஐஸில் வந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். மத்தி, நெத்திலி, நண்டு என்று கரையோரத்தில் கிடைப்பதைக் கேளுங்கள். செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், விரலால் அழுத்திய குழி உடனே எழும்ப வேண்டும்.

கிழக்குக் கடற்கரையில் சூரியன் கடலில் மறையாது. அதற்கு ஈடாக நமக்கு நிலா இருக்கிறது. தேதி உங்கள் கையில் இருந்தால் பௌர்ணமியைப் பார்த்து வாருங்கள். அன்று பொழுது சாயும் நேரத்தை ஒட்டியே, ஆறரை வாக்கில், நிலா கடலிலிருந்து செம்மஞ்சளாகக் கிளம்பும். மறுநாள் என்றால் முக்கால் மணி, ஒரு மணி நேரம் தாமதம். முழுக்க இருட்டிய பிறகு வருவதால் தண்ணீர் மேல் விழும் ஒளி இன்னும் துலக்கமாகத் தெரியும். டார்ச்சை அணைத்துவிட்டு, கோட்டைக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள்.