காற்றில் நிற்கும் வண்டி காலையில் சாய்ந்து கிடந்தால்

நேயர்களுக்கு வணக்கம்.

சேலத்தில் ஏர் பிரேக் வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. இந்தப் பக்கம் சங்ககிரி, அந்தப் பக்கம் நாமக்கல், நடுவில் நாம். லாரியையும் பஸ்ஸையும் பார்த்தே தொழில் கற்றவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். நானும் அப்படி வந்தவன்தான். சில வருடங்களாக வேறொரு வகை வண்டியும் பட்டறை வாசலில் வந்து நிற்கிறது. பெரிய, பழைய, வெளிநாட்டு எஸ்யூவி. புதிதில் பெரும் பணக்காரர்கள் மட்டுமே வாங்கிய வண்டி, பத்துப் பதினைந்து வருடம் ஓடிய பிறகு ஒரு புது சின்னக் காரின் விலைக்குக் கிடைக்கிறது. ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு அதன் மேல் ஒரு கண். ஸ்விட்சைத் தட்டினால் வண்டி உயரும், கல்லும் பள்ளமுமான தோட்டத்துப் பாதையில் அடி தட்டாமல் போகலாம். வாங்கிக் கொஞ்ச நாளில் போன் வரும். "காலையில பார்த்தா வண்டி ஒரு பக்கமா படுத்துக் கிடக்குதுங்க."

இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

இந்த வண்டிகளில் இரும்பு ஸ்பிரிங் கிடையாது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு ரப்பர் பை. நாங்கள் பெல்லோ என்போம், பலூன் என்றும் சொல்வார்கள். அதற்குள் இருக்கும் காற்றுதான் வண்டியைத் தாங்குகிறது. இதைத்தான் ஏர் சஸ்பென்ஷன் என்கிறோம். காற்றை அடைக்க ஒரு மின்சாரக் கம்ப்ரஸர், சேர்த்து வைக்க ஒரு தொட்டி, எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு என்று திறந்து மூட வால்வு பிளாக், சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவில் உயரத்தை அளக்க சென்சார், எல்லாவற்றையும் ஆட்டி வைக்க ஒரு கம்ப்யூட்டர். ஏர் சஸ்பென்ஷன் பஸ்ஸைப் பிரித்துப் பார்த்தவருக்கு இதில் பாதி பழகிய சமாச்சாரம். அங்கே ஒரு கம்பி, உயரத்தைச் சமன் செய்யும் லெவலிங் வால்வை நேராகத் தள்ளும், இங்கே அதே கம்பி சென்சாரைத் திருப்பும். எலக்ட்ரானிக் ஏர் சஸ்பென்ஷன் ரேஞ்ச் ரோவரில் வந்தது 1992-ல். 2004-ல் வந்த லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3-ஐ எடுத்துக்கொண்டால், சாதாரண உயரத்திலிருந்து சுமார் 55 மில்லிமீட்டர் மேலே போகும், ஏறி இறங்க வசதியாக 50 மில்லிமீட்டர் கீழேயும் வரும்.

டேஷ்போர்டில் சஸ்பென்ஷன் விளக்கு எரிந்ததும் பலரும் முதலில் மாற்றுவது கம்ப்ரஸரை. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டால் அது தொடர்பான கோளாறு எண்தான் பெரும்பாலும் வரும், அதனால் மெக்கானிக்கும் அதையே சொல்வார். நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான்: பழைய வண்டியில் கம்ப்ரஸர் தானாகச் சாவது குறைவு. எங்கேயோ இருக்கும் கசிவு அதைக் கொல்கிறது. கசிவை விட்டுவிட்டுக் கம்ப்ரஸரை மாற்றுவது ஓட்டைக் குடத்தை நிரப்ப இன்னொரு ஆளைக் கூலிக்கு வைப்பது போல. அந்த ஆளும் களைத்து விழுவார்.

ஒரு தோட்டக்காரர் அப்படித்தான் வந்தார். வேறொரு பட்டறையில் புதுக் கம்ப்ரஸர் மாட்டியிருந்தார்கள். "இன்னும் புது வாசனையே போகலைங்க, அதுக்குள்ள மறுபடியும் லைட் எரியுது" என்றார். வண்டியைத் தூக்கவில்லை, எதையும் கழற்றவில்லை. முதலில் பேட்டரியைப் பார்த்தேன். ஏர் சஸ்பென்ஷனுக்கும் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். பேட்டரி பலவீனமாக இருந்தால் கம்ப்ரஸர் மெதுவாகச் சுற்றும், குறித்த நேரத்துக்குள் வண்டி உயராது, உடனே கம்ப்யூட்டர் ஏதோ கோளாறு என்று எழுதி வைத்துவிடும். இவர் வண்டியில் பேட்டரி நன்றாகவே இருந்தது.

அடுத்து இன்ச் டேப். சமதரையில் வண்டியை நிறுத்தி, உள்ளே இருந்த மிளகு மூட்டையை இறக்கச் சொல்லி, நான்கு சக்கரத்திலும் சக்கரத்தின் நடுமையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தேன். தரையிலிருந்து அளக்கக் கூடாது. டயரில் காற்று குறைந்திருந்தால் கணக்குத் தப்பிவிடும். நான்கு அளவையும் அந்தந்தக் கண்ணாடியில் சாக்பீஸால் எழுதிவிட்டு, சஸ்பென்ஷனுக்கான ஃபியூஸைப் பிடுங்கி வைத்தேன்.

ஃபியூஸைப் பிடுங்குவதுதான் இந்தச் சோதனைக்கு உயிர். பூட்டி நிறுத்திய பிறகும் சில வண்டிகளில் கம்ப்யூட்டர் அவ்வப்போது விழித்து உயரத்தைப் பார்க்கும். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் மற்ற மூன்றையும் அதற்குச் சமமாக இறக்கிவிடும். எஞ்சின் ஓடாதபோது ஏற்ற முடியாது, இறக்க முடியும் அல்லவா? காலையில் பார்த்தால் நான்கு பக்கமும் தரையோடு கிடக்கும், எந்த மூலை கசிகிறது என்று கடவுளுக்குக்கூடத் தெரியாது. ஃபியூஸ் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் கை வைக்காது. எந்த மூலையில் கசிவோ அது மட்டும் இறங்கும்.

மறுநாள் காலை அளந்தபோது முன்பக்கம் இரண்டும் அப்படியே இருந்தன. பின்பக்கம் வலதும் அப்படியே. பின் இடது மட்டும் நன்றாக இறங்கியிருந்தது.

ஒரு மூலை மட்டும் இறங்கினால் பெல்லோ, அதற்குப் போகும் குழாய், வால்வு பிளாக்கில் அதற்கான வால்வு, இந்த மூன்றில் ஒன்று. முன் இரண்டோ பின் இரண்டோ சேர்ந்து இறங்கினால் அந்தப் பக்கத்து வால்வு பிளாக்கின் மேல்தான் முதல் சந்தேகம். ஒன்றுமே இறங்கவில்லை, ஆனால் வண்டி உயர நேரமாகிறது என்றால் தொட்டி, கம்ப்ரஸர் பக்கம் போக வேண்டும்.

சரி, பின் இடது. சோப்புத் தண்ணீரை ஸ்ப்ரே பாட்டிலில் எடுத்துக்கொண்டு பெல்லோவில் அடித்தேன். ஒரு குமிழி இல்லை. குழாய் மூட்டிலும் இல்லை. இந்த இடத்தில்தான் பலர் பெல்லோ நல்லாத்தான் இருக்கு என்று முடிவு கட்டி, விலை கூடிய வால்வு பிளாக்குக்குப் போய்விடுகிறார்கள். பெல்லோவின் அடிப்பகுதியில் ரப்பர் உள்பக்கமாக மடிந்து, கீழே இருக்கும் பிஸ்டன் மேல் உருண்டு உருண்டு வேலை செய்கிறது. வெடிப்பு விழுவது பெரும்பாலும் அந்த மடிப்பில். சாதாரண உயரத்தில் மடிப்பு உள்ளே ஒளிந்திருக்கும். ஃபியூஸைத் திரும்ப மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, வண்டியை உச்ச உயரத்துக்கு ஏற்றி, மடிப்பு வெளியே வந்த பிறகு அடித்தேன். ரப்பரில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு நெடுக, கடுகுகூட இல்லாத அளவில் பொடிப் பொடியாக நுரை வரிசை கட்டிக்கொண்டு வந்தது. தோட்டக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "இதுக்காங்க கம்ப்ரஸர் மாத்தினேன்?" என்றார்.

மடிப்பில் தூசு சேருவதும் ஒரு காரணம். ஏற்காட்டு அடிவாரத்தைச் சுற்றி வெள்ளைக்கல் சுரங்கம் இருக்கும் பக்கம் போய் வருகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், அந்தப் பொடி எங்கும் நுழையும். ரப்பர் உருளும்போது இடையில் சிக்கி அரைக்கும். வண்டி கழுவும்போது மாதம் ஒரு தடவையாவது உச்ச உயரத்தில் நிறுத்தி மடிப்பில் வெறும் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லுங்கள். கிரீஸ், டீசல் எதையும் ரப்பரில் தடவ வேண்டாம். பளபளப்புக்காக அப்படிச் செய்பவர்களும் இருக்கிறார்கள்.

சோப்புத் தண்ணீரில் எதுவும் சிக்காமல் சந்தேகம் வால்வு பிளாக்கில் நின்றால், பெல்லோக்களில் காற்றை முழுக்க இறக்கிவிட்டு, வால்வு பிளாக்கில் வலது இடது குழாய்களை இடம் மாற்றி மாட்டலாம். மறுபடி ஓர் இரவு அளவெடுங்கள். கசிவும் பக்கம் மாறினால் வால்வு. மாறாமல் அதே மூலை இறங்கினால் பெல்லோ அல்லது குழாய்.

இனி, கசிவு எப்படிக் கம்ப்ரஸரைக் கொல்கிறது என்று பார்ப்போம். ஓயாமல் ஓடிச் சூடாவது ஒன்று. சூடானதும் கம்ப்யூட்டர் அதை நிறுத்திவிடும், ஆறினதும் திரும்ப ஓடும். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா சரியாயிடுதுங்க" என்று சொல்கிற வண்டிகளில் நடப்பது பெரும்பாலும் இதுதான். இன்னொன்று, வெளியே தெரியாதது. கம்ப்ரஸரோடு ஒரு டிரையர் இருக்கிறது, ஈரத்தை உறிஞ்சும் மணிகள் நிறைந்த டப்பா. உள்ளே போகும் காற்றின் ஈரத்தை அது பிடித்து வைக்கும். வண்டியை இறக்கும்போது அதே உலர்ந்த காற்று டிரையர் வழியாகவே வெளியேறி, மணிகளில் இருந்த ஈரத்தையும் கூட்டிக்கொண்டு போய்விடும். காற்று சக்கரத்துப் பக்கம் கசிந்து போனால் டிரையர் வழியாகத் திரும்பி வராது. மணிகள் ஈரத்திலேயே ஊறும், நாளடைவில் பொடியாகும். அந்த வெள்ளைப் பொடி வால்வுகளில் போய் உட்கார்ந்தால் வால்வு சரியாக மூடாது. பெல்லோவில் ஆரம்பித்த ஒரு சின்னக் கசிவு இப்படித்தான் ஒவ்வொன்றாகச் சாப்பிடுகிறது. கம்ப்ரஸர் மாற்றும்போது டிரையரைத் திறந்து பார்க்காத மெக்கானிக் பாதி வேலைதான் செய்திருக்கிறார்.

ரிலேயையும் மறக்கக் கூடாது. கம்ப்ரஸருக்கு மின்சாரம் கொடுக்கும் ரிலேயின் உள்முனைகள் சூட்டில் ஒட்டிக்கொண்டால், வண்டியை அணைத்த பிறகும் கம்ப்ரஸர் கொர்ரென்று ஓடிக்கொண்டே இருக்கும். காலையில் பேட்டரி காலி. சில நூறு ரூபாய்ச் சாமான். கம்ப்ரஸர் மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றிவிடுவது நல்லது.

உயரம் தப்பாக இருக்கிறது ஆனால் இறங்கவில்லை என்றால் சென்சார். ஒரு மூலை மட்டும் எகிறி நிற்கும், அல்லது வண்டி ஓயாமல் ஏறி இறங்கித் தடுமாறும். சென்சாரின் கம்பி கழன்றோ ஒடிந்தோ இருந்தால் கம்ப்யூட்டருக்கு அந்த மூலை தாழ்ந்திருப்பதாகத் தோன்றும், காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கம்பியைக் கழற்றி, கையால் சென்சாரின் கரத்தை மெல்ல ஆட்டி, ஸ்கேனரில் எண் தடங்கலின்றி ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். நடுவில் துள்ளினால் சென்சார் போய்விட்டது. மாற்றினால் உயரத்தைத் திரும்ப ஸ்கேனரில் பதிய வைக்க வேண்டும், அப்புறம் ஹெட்லைட் எங்கே அடிக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

ஏற்காட்டுக்காரர்களுக்குத் தனியாக இரண்டு விஷயம். சேலத்து மதிய வெயிலில் ஏறி, மேலே விடியற்காலைக் குளிரில் வண்டியைப் பார்க்கிறீர்கள். வெப்பம் 20 டிகிரி குறைந்தால் பெல்லோவில் உள்ள காற்று 6, 7 சதவீதம் சுருங்கும். நான்கு மூலையும் கொஞ்சம் ஒன்று போல இறங்கியிருந்தால் அது கசிவு இல்லை, பதற வேண்டாம். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். சேலத்தைவிட அங்கே காற்று எட்டில் ஒரு பங்கு மெலிது. கம்ப்ரஸருக்கு ஒரே வேலைக்கு அதிக நேரம் பிடிக்கும். கீழே தட்டுத் தடுமாறி ஓடும் வண்டி மேலே போனதும் விளக்கு எரிவது இதனால்தான்.

மலைப்பாதையில் வண்டி திடீரென்று படுத்துவிட்டால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். டயர் மட்கார்டில் உரசுகிறதா என்று முதலில் பாருங்கள். உரசினால் ஓட்டாதீர்கள், பிளாட்பெட் வண்டியைக் கூப்பிடுங்கள். உரசவில்லை என்றாலும் சக்கரத்துக்கு ஏறி இறங்க இடமில்லை, பள்ளத்தில் விழுந்தால் டயர் பிடி விட்டுத் துள்ளும். 20 கொண்டை ஊசி வளைவையும் தாழ்ந்த கியரில், நடந்து போகிற வேகத்துக்குச் சற்று மேலே வைத்து இறங்குங்கள். உச்ச உயரத்திலேயே சிக்கிக்கொண்ட வண்டியும் ஆபத்துதான், வளைவில் சாயும். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவது எல்லோருக்கும் சட்டம், சனி ஞாயிறு கூட்டத்தில்தான் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

பஞ்சர் ஆனால் ஜாக்கி வைக்கும் முன், கம்ப்யூட்டர் உயரத்தில் கை வைக்காமல் நிறுத்தும் ஜாக்கி மோடு இருந்தால் அதைப் போடுங்கள். சக்கரம் தொங்குவதைப் பார்த்துக் கம்ப்யூட்டர் காற்றை இறக்கிவிடக்கூடும். காற்றில்லாத பெல்லோ கோணல் மாணலாக மடிந்து, வண்டியை இறக்கும்போது நசுங்கிக் கிழியும். காற்றை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. எவ்வளவு அவசரமானாலும் ஸ்டாண்டு வைத்த பிறகுதான்.

டொயோட்டா லேண்ட் குரூசர் 100 வைத்திருப்பவர்கள் சோப்புத் தண்ணீரைத் தேட வேண்டாம். உயரம் மாறும் வசதி உள்ள அந்த வண்டியில் ஓடுவது ஆயில். தாழ்ந்த நிலையிலும் உயர்ந்த நிலையிலும் ஆயில் டப்பாவில் மட்டம் எங்கே என்று குறித்துப் பாருங்கள். புதிதில் 14 கோடு வித்தியாசம் இருக்கும். 7-க்குக் கீழே வந்துவிட்டால், அந்த வண்டியில் ஸ்பிரிங் போல வேலை செய்யும் நைட்ரஜன் அடைத்த உருண்டைகள் தளர்ந்துவிட்டன. உள்ளே ஆயிரம் பிஎஸ்ஐ அளவுக்கு அழுத்தம், தெரியாமல் நட்டைத் தளர்த்தாதீர்கள்.

எல்லாத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு இரும்பு ஸ்பிரிங் போட்டுவிடலாமே என்பார்கள். போடலாம். ஆனால் உயரம் மாறாது, மூட்டை ஏற்றினால் பின்பக்கம் தொங்கும். தோட்டத்துப் பாதைக்காக வாங்கிய வண்டியில் அந்த வசதியையே பிடுங்குவது எனக்கு ஒப்பவில்லை. நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டுகிறவர் செய்துகொள்ளட்டும்.

இப்படியொரு பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் விடியற்காலையில், முன்கூட்டிச் சொல்லாமல் போய்ப் பாருங்கள். நீங்கள் போகும்போதே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால், நாளைக்கு வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள். மறுநாள் நான்கு மூலையும் அளந்த பிறகு விலை பேசலாம். வணக்கம்.